சொந்த வலை

"மீன்பிடிக்கிறவன் மகளுக்குச் சொந்தமாக ஒரு வலைத்தளம் எதற்கு ஐயா? அவர்களிடம்தான் ஏற்கெனவே வலை இருக்கிறதே!" என்றார் என் நண்பர்.

சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். நல்ல மனிதர், நாலும் படித்தவர், பட்டணத்தில் மரியாதையான உத்தியோகத்தில் இருப்பவர். சிலேடை ஒன்று தானாக வந்து நாக்கில் விழுந்துவிட்டால் அதை விழுங்குகிற அடக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அதற்காக நான் அவரைக் கோபிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். சென்ற மார்கழியில் பொன்னேரியிலிருந்து பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பொன்னேரியில் பட்டப் படிப்பு முடித்தவள். அங்கேயே ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள். நாலு வருஷமாக அவள் ஒரு காரியம் செய்துவந்தாள். ஏரியில் அன்றன்றைக்கு என்ன மீன் விழுந்தது, முகத்துவாரம் எந்தத் தேதியில் தூர்ந்தது, எந்தத் தேதியில் மணலை வெட்டித் திறந்தார்கள், பாட்டி சொல்லுகிற காற்றுகளின் பெயர் என்ன, இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது எப்படி என்றெல்லாம் படத்தோடும் தேதியோடும் எழுதிவைத்தாள். பெரிய நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுத்த பக்கத்தில் எழுதினாள்.

ஒரு நாள் காலையில் பக்கத்தைக் காணோம். 'எங்கள் விதிகளுக்கு மாறாக நடந்துகொண்டீர்கள்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. எந்த விதி, எந்த நாள், எந்த மாறுபாடு? பதில் இல்லை. முறையிட்டாள், எந்திரம் ஒன்று நன்றி தெரிவித்தது.

"ஆபீசுன்னு ஒண்ணு இருந்தா போய் வாசல்ல நிக்கலாம் சார். இதுக்கு வாசப்படியே எங்க இருக்குன்னு தெரியல" என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்து வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவள் தகப்பனார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அடுத்தவன் வலையில போனா பங்குதான் ஐயா வரும். இவ அதுக்கும் கீழ. பங்கும் வரல, இப்ப பிடிச்ச மீனும் இல்ல."

நான் படித்த எத்தனையோ பொருளாதாரக் கட்டுரைகளில் இவ்வளவு தெளிவான வாக்கியத்தைக் கண்டதில்லை. இப்போது அந்தப் பெண் சொந்தத்தில் ஒரு தளம் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இதைச் சொன்னபோதுதான் என் நண்பர் சிரித்தார்.

நாலு வருஷக் குறிப்புத்தானே, போனால் போகிறது என்று நினைப்பவர்கள் பழவேற்காடு ஏரியை அறியாதவர்கள். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி அது. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரம்தான் அதற்கு மூச்சுக்குழல். கடல்நீரோடு மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உள்ளே வரவேண்டும். மணல் வந்து வாயை அடைத்தால் ஏரி மட்டும் வாடாது. சுற்றியுள்ள குப்பங்களில் அடுப்பும் வாடும். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்திருக்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் விரிக்கும் யோசனையை எதிர்த்து இந்த மீனவர்கள் குரல் எழுப்பியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர்கள் முன்னால் வைக்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: 'ஆதாரம் எங்கே?' எந்த வருஷம் எத்தனை நாள் வாய் அடைந்திருந்தது என்பது ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகத்தை யார் ஆதாரமாக ஏற்றுக்கொள்வார்கள்? தேதியிட்ட காகிதம் வேண்டும். அந்தப் பெண்ணின் நாலு வருஷம்தான் அந்தக் காகிதம். யாரோ, எங்கிருந்தோ, ஏன் என்று சொல்லாமல் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். இது சிரிக்கிற விஷயமா?

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று ஆட்சேபங்கள் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆட்சேபம்: "இலவசமாகக் கொடுக்கிறவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம். இதற்குப் போய்ச் சொந்த வீடு கட்டுவார்களா?"

இலவசம் என்பதற்குக் கடற்கரையில் வேறு பெயர் இருக்கிறது. அதற்கு முன்பணம் என்று பெயர். வியாபாரி வருகிறார், சிரித்த முகத்தோடு, கேட்காமலே பணம் கொடுக்கிறார். வலை வாங்கிக்கொள், மோட்டார் வாங்கிக்கொள் என்கிறார். வாங்கிக்கொண்ட நாளிலிருந்து மீன் அவருக்குத்தான். விலையும் அவர் சொல்வதுதான். இணையத்தில் இலவசப் பக்கம் தருகிறவர்களும் முன்பணக்காரர்களே. நம் எழுத்தையும், அதைப் படிக்க வருகிற கூட்டத்தையும் விளம்பரக்காரருக்கு விற்கிறார்கள். யார் கண்ணில் எது பட வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். கடையை மூட நினைத்தால் மூடிவிடுகிறார்கள்.

மூடினார்களா என்றால், மூடினார்கள். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. இணையம் நம் வீடுகளுக்குள் நுழைந்த புதிதில் உலகமெங்கும் எளிய மனிதர்கள் அங்கேதான் குடிசை போட்டார்கள். 1999-ல் யாஹூ அதை வாங்கிற்று. 2009 அக்டோபரில் இடித்துவிட்டது. சில தன்னார்வலர்கள் ஓடிப்போய் வாரிக் கட்டிக்கொண்டதால் ஒரு பகுதி பிழைத்தது. 2014-ல் ஆர்க்குட் போயிற்று. 2019-ல் கூகிள் பிளஸ் போயிற்று. இவை திவாலாகிப் போன பெட்டிக்கடைகள் அல்ல. உலகத்திலேயே பெரிய செட்டியார்கள் நடத்திய கடைகள். லாபம் போதவில்லை, அல்லது மனம் மாறிவிட்டது, ஷட்டரை இறக்கிவிட்டார்கள். குடியிருந்தவர்கள் கையில் ரசீதுகூட இல்லை.

இரண்டாவது ஆட்சேபம்: "சரி, சொந்தத் தளமே வேண்டுமென்றால் ஓர் ஆளை அமர்த்திக் கட்டிக்கொள்ளட்டுமே. அவளே ஏன் கற்க வேண்டும்?"

இதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்லுகிறேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் ஒரு தளம் இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஓர் அன்பர் கட்டிக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. மூன்று வருஷம் கழித்து அவர் ஊர் மாறிப் போனார். தொலைபேசி எண்ணும் மாறிற்று. அப்புறம்தான் தெரிந்தது, தளத்தின் பெயரை அவர் தம் பேரிலேயே பதிவு செய்திருந்தார் என்பது. ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை, பெயர் கைமாறிற்று. இன்று அந்தப் பெயரைத் தட்டினால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறது. என் கதைகளைத் தேடி வந்த வாசகர் சீட்டாடிவிட்டுப் போகலாம்! வீடு என்னுடையது என்று நினைத்திருந்தேன். பத்திரம் அவர் பெயரில் இருந்தது. வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்கியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அன்றைக்குத்தான் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது அறுபது வயது.

கற்றது ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. ஒரு தளத்துக்கு மூன்று வேண்டும்: பெயர், இடம், வீடு. பெயர் என்பது டொமைன். பதிவுக்காரரிடம் ஆண்டுதோறும் பணம் கட்டி வைத்துக்கொள்வது. தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடிகிற பெயரும் கிடைக்கிறது. இடம் என்பது எந்நேரமும் விழித்திருக்கிற ஒரு கணினியில், அதாவது சர்வரில், நமக்கென்று வாடகைக்கு எடுக்கும் மூலை. வீடு என்பது மென்பொருள். பலரும் எடுத்துக்கொள்வது வேர்ட்பிரஸ். அதுவும் ஒரு கதைதான். பி2 என்கிற மென்பொருளை உண்டாக்கியவர் பராமரிப்பதை விட்டுவிட்டார். அதை நம்பியிருந்த ஹூஸ்டன் நகரத்துக் கல்லூரிப் பையன் ஒருவன், மாட் முல்லென்வெக், 'யாராவது தொடர்ந்து செய்ய வேண்டுமே' என்று எழுதினான். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் 'நானும் வருகிறேன்' என்றார். 2003 மே 27-ல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. பையனுக்கு அப்போது 19 வயது. மூல நிரல் திறந்தே கிடந்ததால்தான் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட முடிந்தது. இன்று உலகத்து வலைத்தளங்களில் பத்துக்கு நாலு அதில் ஓடுகிறது. விலை ஒன்றுமில்லை; எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இது முன்பணம் அல்ல, பொதுக்கிணறு. முன்பணம் வாங்கினவன் வேறு வியாபாரியிடம் போக முடியாது. இங்கே சர்வர்க்காரர் பிடிக்கவில்லை என்றால் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த சர்வருக்குப் போகலாம். பெயர் கூடவே வரும். வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது.

கட்டுவது ஒரு நாள் வேலை. நமக்கு ஏற்றபடி திருத்துவதில்தான் வித்தை இருக்கிறது. நான் பட்ட முதல் அடி இது: தளத்தின் ஒப்பனைக் கோப்பைத் திறந்து நிறம், எழுத்தளவு எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கு மாற்றினேன். இரண்டு வாரம் பெருமையாக இருந்தேன். ஒப்பனையின் புதிய பதிப்பு வந்தது; ஒரு பொத்தானை அமுக்கினேன்; என் திருத்தமெல்லாம் அலை அடித்த மணல்வீடு மாதிரி போயிற்று. பிறகு தெரிந்துகொண்டேன்: தாய் ஒப்பனையைத் தொடக்கூடாது, அதற்கு ஒரு சேய் ஒப்பனை உண்டாக்கி, மாற்றங்களை அதில் எழுத வேண்டும். தாய் புதுப்பிக்கப்பட்டாலும் சேய் அப்படியே இருக்கும்.

அடுத்தது தமிழின் சங்கதி. வெளிநாட்டார் செய்த ஒப்பனைகளில் மேற்கோளைச் சாய்வெழுத்தில் போடுவார்கள். தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு கிடையாது. நல்ல எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி நிற்கும். ஆங்கில எழுத்துக்கு அளந்த வரி இடைவெளியில் நம் மேல்விலங்கும் கீழ்விலங்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இரண்டையும் இரண்டு வரியில் சரிசெய்யலாம். அந்த இரண்டு வரி தெரியாததனால்தான் எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் கண்ணைக் குத்துகின்றன. இன்னொன்று: நீளமான தமிழ்த் தலைப்புக் கொடுத்தால் கட்டுரையின் முகவரியில் தலைப்புப் பாதியில் வெட்டுப்படும். ஏன் என்று மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். முகவரிக்குள் போகும்போது ஒரு தமிழ்க் குறி ஒன்பது இடத்தை அடைக்கிறது. ஆக, இருபத்திரண்டு குறிகளுக்கு மேல் இடமில்லை. இதைக் கூலிக்குச் செய்கிறவர் எனக்குச் சொல்லியிருப்பாரா? அவருக்குத் தமிழ்த் தலைப்புப் பாதியில் நின்றால் என்ன, முழுசாக நின்றால் என்ன? நம் மொழியின் வலி நமக்குத்தான் தெரியும். அதனால்தான் பெட்டியைத் திறந்து பார்க்க நமக்கே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம், எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் மூட்டியது இதுதான்: "இதெல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சமாசாரம். குப்பத்துப் பெண்ணுக்கு எட்டுமா?"

சீட்டுக் குலுக்கி, முறைவைத்து, ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறையைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறவர்கள் கோட்டைக்குப்பம் முதலான ஊர்க்காரர்கள். அந்தக் கணக்கை அந்த நண்பருக்கு நான் விளக்க முயன்றேன். கால் மணி நேரத்தில் கொட்டாவி விட்டுவிட்டார். அந்தக் கணக்குப் போடுகிற மூளைக்கு எச்.டி.எம்.எல். எட்டாதா? அதில் தினமும் வேண்டிய குறிச்சொற்கள் சில டஜன்தான்; ஒரு வலையில் இருக்கும் முடிச்சு வகைகளைக் கற்கிற உழைப்புக்கு மேல் வேண்டியதில்லை. தமிழில் கற்க வழியில்லையா என்றால், அதுவும் பொய். 2012-லிருந்து 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. 'எளிய தமிழில்' என்று தொடங்கும் தலைப்புகளில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., மைஎஸ்கியூஎல் என்று து. நித்யா புத்தகங்கள் எழுதியிருக்கிறார். யாரும் பணமில்லாமல் எடுத்துப் படிக்கலாம். காசு செலவழிக்கு முன் தன் கணினிக்குள்ளேயே ஒரு சர்வரை நிறுவி, கட்டி இடித்துப் பழகலாம். அந்தப் பெண் அப்படித்தான் செய்கிறாள், யாரோ கழித்துவிட்ட பழைய மடிக்கணினி ஒன்றில்.

எட்டாது என்கிற இந்தப் பேச்சுக்குப் பழவேற்காட்டில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. டச்சுக்காரர்கள் அங்கே 1613-ல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். 1632-லிருந்து 1642 வரை ஆபிரகாம் ரோஜர் என்ற டச்சுப் பாதிரியார் அங்கே இருந்தார். பத்மநாபன் என்கிற பிராமணர் ஒருவரை உட்காரவைத்து, இந்த நாட்டு வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பாதிரியார் இறந்த பிறகு, 1651-ல், ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்தில் அது புத்தகமாயிற்று. ஐரோப்பா அதைப் படித்து வியந்தது. நல்ல புத்தகம்தான்; பாதிரியார் உழைப்பாளிதான். ஆனால் பத்மநாபன் தம் கையால் எழுதியது என்று ஒரு பக்கம் உண்டா? செய்தி நம்முடையது, மொழி அவர்களுடையது, அச்சும் அவர்களுடையது. பழவேற்காட்டைப் பற்றி இன்றைக்கும் அதே கதைதான். பூநாரைகளைப் படம் பிடிக்கக் கார் கட்டிக்கொண்டு வருகிறவர்களால் அந்தப் பறவைக்கு இணையத்தில் ஆயிரம் பக்கம் இருக்கிறது. பறவைக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவளுக்கு ஒரு பக்கம் இருந்தது, அதுவும் போயிற்று.

பத்மநாபன் காலத்தில் வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். வழி பிறந்தபோது நம்மவர் சும்மா இருக்கவில்லை. அச்சுக்கூடத்துக்கு இருந்த கட்டுப்பாடு 1835-ல் நீங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் என்ன செய்தார்? மிஷன் அச்சுக்கூடங்களை அண்டி நிற்கவில்லை. சென்னைப் பட்டணம் வந்து அச்சியந்திரம் வாங்கிக்கொண்டு போய், 1849-ல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். தமக்கு வேண்டியதைத் தாம் நினைத்தபடி, பிழையில்லாமல், அச்சிட்டார். யந்திரம் கையில் இருந்தால்தான் சொல் கையில் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

2003-ல் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கியபோதும் அந்தத் துடிப்பு இருந்தது. எழுத்துரு சரியில்லை, விசைப்பலகை சரியில்லை, ஆனாலும் எழுதினார்கள். 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியை உண்டாக்கி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே முற்றத்தில் காணச் செய்தார். பிறகு என்ன ஆயிற்று? பேஸ்புக் வந்தது. கைத்தட்டல் உடனே கேட்டது. பலர் சொந்த விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய கொட்டகைக்குப் போனார்கள். அங்கே எழுதியதை ஒரு வருஷம் கழித்துத் தேடச் சொல்லுங்கள். எழுதினவருக்கே எடுப்பது லேசல்ல.

சொந்தத் தளத்தில் கஷ்டமில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கஷ்டம் உண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால் திருடன் புகுவான். படி எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்தாவிட்டால் ஒரு நாள் அழ வேண்டியிருக்கும். படியெடுக்கும்போது எழுத்துக்குறி முறையைக் கவனிக்காவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாக வந்து பல்லிளிக்கும்; எனக்கு வந்தது. பெயரும் இடமும்கூட வாடகைதான், சாசுவதம் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்த முதல் மாதம் ஒரு ஜீவனும் எட்டிப்பாராது.

அதற்காகச் சந்தைக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. போ, 'இன்ன இடத்தில் எழுதியிருக்கிறேன்' என்று பேஸ்புக்கில் கூவு, வாட்ஸ்அப்பில் அனுப்பு. மீன் விற்கச் சந்தைக்குப் போகிறவள் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறாள் அல்லவா? மூலம் வீட்டில் இருக்கட்டும். கூவல் சந்தையில் இருக்கட்டும். சந்தையிலேயே குடித்தனம் நடத்தினால்தான், சந்தை கலைகிற நாளில் நடுத்தெருவில் நிற்க நேரிடும்.

என் நண்பரை ஒன்று கேட்கிறேன். உம் பிள்ளை சொந்தத் தளம் கட்டினால் 'கெட்டிக்காரன்' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிறீர். மீனவர் மகள் கட்டினால் 'எதற்கு?' என்கிறீர். பிடிப்பதற்கு மட்டும் அவர்கள், எழுதுவதற்கு நாம் என்று யார் பிரித்து வைத்தது? அவள் கேட்பது உம்முடைய பணத்தை அல்ல. உம்முடைய சிபாரிசை அல்ல. தன் ஊரில் முகத்துவாரம் அடைந்த தேதி தன் கையை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். அதற்கு உழைக்கவும் செய்கிறாள்.

புறப்படுகிற சமயத்தில் அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக, வரிகள் தாராளமாக, வெள்ளைப் பின்னணியில் ஒரு பக்கம். படம் இல்லை, அலங்காரம் இல்லை. தகப்பனாரின் பழைய நோட்டிலும் தன் தொலைபேசியிலும் மிச்சமிருந்த தேதிகளை மறுபடியும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், தலைப்புப் பாதியில நிக்குது" என்றாள்.

நான் இருபத்திரண்டு குறிக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தலைப்பை 'முகத்துவாரம்' என்று ஒரே சொல்லாகச் சுருக்கிவிட்டு, அடுத்த தேதியைத் தட்டத் தொடங்கினாள். அவள் தகப்பனார் கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொத்திக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான்தான் எழுந்து வந்தேன். அவர்கள் இருவரும் வேலையிலிருந்து தலை நிமிரவில்லை.